கன்னத்துக்கு வைத்த லைட்

சிரிக்கிறார்கள். எனக்கு முன்னால் இருக்கும் வழுக்கைத் தலைக்காரர் தொடையில் தட்டித் தட்டிச் சிரிக்கிறார், அவர் சீட் பின்னால் சாய்ந்து சாய்ந்து என் முழங்காலில் இடிக்கிறது. அப்படி என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது, ஒரு பொம்பளை தொண்டையைக் கனைத்ததற்கு? திரையில் அவள் மேக்கப் ரூம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்து நாற்காலிக்கு வருகிற சின்ன நடிகையைக் கண்ணாடி வழியாக மேலும் கீழும் பார்க்கிறாள், 'ம்க்கும்' என்கிறாள். அவ்வளவுதான். அதற்குத் தியேட்டரே குலுங்குகிறது. அது என் கனைப்பு. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் நான் கனைக்கிற கனைப்பு. அது இல்லாமல் எனக்கு வசனம் வராது. யாரையாவது பிடிக்கவில்லை என்றாலும் அதுதான் முதலில் வரும், கல்யாணமான புதிதில் என் மாமியார் அதை வைத்தே என் மனசில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிடுவார். இப்போது என் தொண்டையில் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. எச்சிலை விழுங்கினேன், போகவில்லை. தண்ணீர் குடித்தேன், போகவில்லை. இடைவேளையில் பாத்ரூமுக்குப் போய்க் கனைத்துவிட்டு வரலாம் என்று பார்த்தால் அங்கேயும் வரிசையாக ஆட்கள், எல்லோரும் சீரியல் ஆட்கள், எல்லோருக்கும் காது பாம்புக் காது. இங்கே ஒரு கனைப்புக் கனைத்தால் நான் தொலைந்தேன். ஏய், அந்தப் பொறாமைக்காரி வேற யாரும் இல்லடி, சுகந்திதான், இதோ உட்கார்ந்திருக்கா பாரு என்று தியேட்டர் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், படம் முடிந்து வாசலில் போய் ஆட்டோ ஏறுகிறவரை யாருக்கும் தெரியக்கூடாது. இதில் கொடுமை, என் கனைப்பைத் திரையில் கனைக்கிறவள் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாப்கார்ன் தின்கிறாள். தாரிணி. ஸ்பெஷல் ஷோவுக்கு வாங்கக்கா என்று அவளே போன் போட்டாள், வந்ததும் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். திரையிலும் அவள், வலது பக்கமும் அவள். ஒரு இடத்தில் இருந்தாலே எனக்குத் தாங்காது.

சீரியலில் நான் மூத்த மருமகள், அபிராமி. இவள் சின்ன மருமகள், துளசி. வளசரவாக்கத்தில் ஒரு மாடி வீடு, அதுதான் எங்கள் புகுந்த வீடு, ஐந்து வருஷம் அதே சோபா, அதே சாமி மாடம். இவள் மைசூரிலிருந்து வந்தபோது 'வாழைப்பழம்' சொல்ல வராது, குரல் வேறு ஒருத்தி கொடுத்தாள். இப்போது பார், சொந்தக் குரலில் பேசுகிறாள், அதுவும் என்ன மாதிரி, வார்த்தையின் கடைசியை நான் இழுக்கிற மாதிரியே இழுக்கிறாள், 'வந்தாளாஆ, உக்காந்தாளாஆ' என்று. எங்கே படித்தாள்? என் பக்கத்திலேயே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே படித்திருக்கிறாள். ஆனால் இவளை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம், எழுதிக் கொடுத்தது எழிலரசிதானே. அதோ சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், இந்தப் படத்துக்கு டைரக்டர் மேடம். படத்தைப் பார்க்கவில்லை, நாங்கள் எந்த இடத்தில் சிரிக்கிறோம் என்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஐந்து வருஷமும் எங்களுக்கு பிராம்ப்ட் கொடுத்தவள் அவள். கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உணர்ச்சியே இல்லாத குரலில் 'இந்த வீட்டுல நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அது நடக்காது' என்று காய்கறி விலை சொல்கிற மாதிரி சொல்வாள், நான் அதையே வாங்கிக் கண்ணை உருட்டி, பல்லைக் கடித்து, ஊரையே நடுங்கவைப்பேன். அவள் வாய் அசைந்தால்தான் என் வாய் அசையும் என்று பழகிவிட்டது. போன வருஷம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். சினிமா பண்ணப் போறேன் மேடம், சீரியல் செட்ல நடக்கிற காமெடி, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதெல்லாம் சொல்லுங்க என்றாள். டிகிரி காபி போட்டுக் கொடுத்தேன், ரவா கேசரி கிண்டினேன், பொழுது சாயும்வரை சொன்னேன். எனக்குத்தான் ரோல் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? அவள் போனதும் பீரோவைத் திறந்து எந்தப் புடவை என்றுகூட எடுத்துவைத்தேன். பிறகு போனில் சொல்கிறாள், 'மேடம், வேதவல்லி கேரக்டருக்கு கொஞ்சம் இளசா வேணும்னு புரொட்யூசர் சொல்றாரு மேடம், தாரிணி பண்றாங்க.' என்னை நடிப்பதற்கே எனக்கு வயசு ஜாஸ்தியாம்.

இதோ வந்துவிட்டது. வரும் என்று எனக்குத் தெரியும், கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதையும் நான்தான் சிரித்துக்கொண்டே சொன்னேன், ஆனால் வேறு யாரோ செய்ததாகச் சொன்னேன். அறைகிற சீன். வேதவல்லி சின்ன நடிகையை அறைய வேண்டும், சீரியலில் யாரும் நிஜமாக அறைய மாட்டார்கள், கை காற்றில் போகும், முகம் திரும்பும், சத்தத்தை அப்புறம் போட்டுக்கொள்வார்கள். வேதவல்லி நிஜமாகவே விடுகிறாள் ஒன்று. விட்டுவிட்டு, அடுத்த வசனத்தை வேண்டுமென்றே குளறுகிறாள். 'ஐயோ சாரி, ஒன்மோர் போலாமா?' தியேட்டர் அதிர்கிறது. மறுபடியும் அறை, மறுபடியும் குளறல், அந்த அப்பாவி முகம். வழுக்கைக்காரர் இருமவே ஆரம்பித்துவிட்டார். சிரிக்கிறீர்களே, அன்றைக்கு என் வயிறு எரிந்தது உங்களுக்குத் தெரியுமா? அந்த வாரம்தான் டைட்டிலில் பெயர் வரிசையை மாற்றியிருந்தார்கள், என் பெயருக்கு முன்னால் இவள் பெயர். நேற்று வந்தவள். துளசிக்குக் கோயிலில் சாமிக்குச் சூடம் காட்டுகிற மாதிரி க்ளோஸப் வைக்கிறார்கள், எனக்கு வாசற்படியில் நின்று முறைக்கிற ஷாட். அன்றைக்கு என் கை போனபோது அது அபிராமியின் கை இல்லை, என்னுடைய கை, அந்தச் சூடு உள்ளங்கையில் எனக்கு ரொம்ப நேரம் இருந்தது, எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த எழவு எழிலரசி பிராம்ப்ட் கொடுத்துக்கொண்டே என் முகத்தை அப்படிப் பார்த்திருக்கிறாள். இப்போது தாரிணி பக்கம் திரும்பிப் பார்க்கலாமா, கூடாதா? என் அறையை வாங்கிய கன்னம் இந்த இருட்டில் என் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறது, மல்லிகைப்பூ வாசனையோடு. தெரிந்திருக்குமா? அவளேதானே நடித்திருக்கிறாள், தெரியாமல் இருக்குமா? அப்போதுதான் அவள் குனிந்து என் காதில் சொன்னாள். 'அக்கா, ஒண்ணு சொல்லவா? அன்னைக்கு அவ்ளோ ஒன்மோர் போச்சே, அது உங்களால இல்லக்கா. நான்தான் கெடுத்தேன்.' நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'அடி வாங்கினதும் கேமராவைப் பாத்துடுவேன், வேணும்னே. அப்பத்தானே நம்ம சீரியல் டைரக்டர் கன்னத்துக்கு இன்னொரு லைட் வைங்கப்பான்னாரு. கன்னம் நெஜமாவே செவந்துபோச்சா, அந்த க்ளோஸப் அப்படி வந்துச்சு. அந்த ஒரு எபிசோட்லதான் என்னை எல்லா வீட்லயும் தெரிஞ்சது. உங்க கைக்கு நான் கோயில் கட்டணும்க்கா.' சொல்லிவிட்டுப் பாப்கார்னை நீட்டுகிறாள்.

ஒரு பாப்கார்னை எடுத்துக்கொண்டேன். வாயில் போட்டேனா கீழே போட்டேனா தெரியவில்லை. கோயில் கட்டுவாளாமே. அப்படியானால் அன்றைக்கு நடந்தது என்ன? நான் அறைந்தேன், எனக்குத் தெரியும் நான் அறைந்தேன், நான் குளறினேன், நான் ஒன்மோர் கேட்டேன். இல்லை, அவள் கேமராவைப் பார்த்தாள், அவள் கெடுத்தாள், அதனால்தான் ஒன்மோர். சீரியல் டைரக்டர் 'கட்' சொன்னபோது என் குளறலுக்குச் சொன்னாரா, இவள் பார்வைக்குச் சொன்னாரா? நான் குளறுவதற்கு முன்னாலேயே கட் சொல்லியிருந்தால்? அவர் குரல் எங்கே விழுந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், அறை கேட்கிறது, எழிலரசியின் காய்கறிக் குரல் கேட்கிறது, 'கட்' மட்டும் ஒரு தடவை முன்னால் விழுகிறது, ஒரு தடவை பின்னால் விழுகிறது. அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேனே, அந்தத் தூக்கமும் போச்சா? நான் மாங்கு மாங்கென்று அறைந்திருக்கிறேன், அவள் நின்ற இடத்தில் நின்று லைட் வாங்கிக்கொண்டிருக்கிறாள். கன்னத்துக்கு இன்னொரு லைட் வைங்கப்பா. ஆமாம், அதுகூட ஞாபகம் வருகிறது, ஸ்டாண்டை இழுத்துக்கொண்டு வந்தார்கள், அந்த நேரம் நான் வியர்வையை ஒற்றிக்கொண்டு, சே, பாவம், இவளுக்கு வலிக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு யாராவது லைட் வைத்தார்களா? அறைகிறவளின் முதுகைத்தான் காட்டினார்கள். ஐந்து வருஷத்தில் என் ஜாக்கெட் முதுகைத் தமிழ்நாடு மனப்பாடம் பண்ணியிருக்கும். கோபமாக வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இவள் இப்படிச் சிரித்த முகமாக இருந்து தொலைப்பதால்தான் எனக்கு இன்னும் எரிகிறது. ஒரு தடவையாவது முகத்தைச் சுளித்திருந்தால், ஒரு தடவையாவது பின்னால் பேசியிருந்தால், நான் எவ்வளவு நன்றாக இருந்திருப்பேன். தொண்டையில் இருப்பது கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. தண்ணீர் பாட்டிலில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

திடீரென்று சத்தம் அடங்கிவிட்டது. திரையில் அந்த ஹால். மத்தியானம், சாப்பாட்டு பிரேக், எல்லோரும் பின்பக்கம் பந்தலில் இருக்கிறார்கள், லைட் எல்லாம் அணைந்திருக்கிறது. சுவரில் வேதவல்லியின் போட்டோ, அதற்கு மாலை. சீரியலில் அவளைச் சாகடித்துவிட்டார்கள். என்னைச் சாகடித்த மாதிரிதான். பெயர் வரிசை மாறிய கோபத்தில் காய்ச்சல் என்று சொல்லி ஒரு வாரம் வீட்டில் படுத்தேன், வருவார்கள், கெஞ்சுவார்கள் என்று. வரவில்லை. எபிசோடில் துளசிக்கு ஒரு போன் வந்தது, 'என்னது, லாரியா?' என்று அவள் கத்தினாள், மறுநாள் நான் சுவரில் தொங்கினேன். அந்த போட்டோவை எப்போது எடுத்தார்கள் தெரியுமா? காய்ச்சலுக்கு முன்னால், செட்டில், 'ஹால்ல மாட்டறதுக்கு ஒரு போட்டோ மேடம்' என்றார்கள். குடும்பத் தலைவி என்று மாட்டப்போகிறார்கள் என்று நினைத்து, கொஞ்சம் பெரிய ஃப்ரேமாகப் போடுங்கள் என்று நானே சொன்னேன். பெரிதாகத்தான் போட்டார்கள். அதில் எனக்குப் பாதிக் கண் மூடியிருந்தது. தினமும் சாயங்காலம் டிவி பார்க்கிற ஜனங்களுக்கு முன்னால் பாதிக் கண்ணோடு, கழுத்தில் மாலையோடு தொங்குகிறேன், இவள் விளக்கேற்றி முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுகிறாள், க்ளோஸப்பில். ஒருநாள் பொறுக்க முடியாமல் மேக்கப் பெட்டியை எடுக்க வந்த மாதிரி போனேன். சோபாமேல் ஏறினேன், போட்டோவை மாற்றினேன், மயில்கழுத்துக் கலர் புடவையில் ஸ்டூடியோவில் எடுத்தது, கண் இரண்டும் நன்றாகத் திறந்தது. சந்தன மாலையைத் திரும்பப் போட்டேன். யாரும் இல்லை. யாரும் இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இதோ திரையில் வேதவல்லி சோபாமேல் ஏறுகிறாள், போட்டோவை மாற்றுகிறாள், மாலையைப் போடும்போது வளையலில் நார் மாட்டிக்கொள்கிறது. ஐயோ. அது எனக்கும் அந்த மாலைக்கும் மட்டும் தெரிந்தது. சோபாவுக்குப் பின்னால் எழிலரசி ஸ்கிரிப்ட் பேடைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்திருக்கிறாள், பாவி, படுபாவி. வேதவல்லி கீழே இறங்கி நின்று பார்க்கிறாள். இந்தத் தாரிணி என்ன செய்கிறாள்? ஒன்றுமே செய்யவில்லை. மாலையை லேசாக நிமிர்த்துகிறாள், தன் பொட்டைத் தொட்டுப் பார்க்கிறாள், போட்டோவின் பொட்டைத் தொட்டுப் பார்க்கிறாள். வழுக்கைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். நான் அன்றைக்கு இப்படியா நின்றேன்? புடவைக் கலர் கேமராவில் எடுக்குமா என்று பார்த்தேன், ஓடினேன். என்னைவிட நன்றாக என்னைச் செய்கிறாள். என் கண்ணிலிருந்து வழிகிறது, துடைக்கத் துடைக்க வழிகிறது, இந்தக் கண்ணீரும் அவள் நடிப்பு பிரமாதம் என்ற கணக்கில்தான் போய்ச் சேரும். பக்கத்து சீட்டிலிருந்து அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடச் சொல்லவும் முடியவில்லை.

வெளிச்சம் வந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், நானும் தட்டினேன், உள்ளங்கை வலிக்கிறவரை தட்டினேன். வாசலில் மைக்குகள். ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஓரமாகப் போய்விடலாம் என்று பார்த்தேன், தாரிணி விட்டால்தானே, என் கையைக் கோத்துக்கொண்டு நேராக அவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒரு பையன் கேட்டான், 'மேடம், அந்தப் பொறாமைக்கார நடிகை நெஜத்துல யாரு மேடம்? எங்களுக்கு மட்டும் சொல்லுங்க.' சொல்லப்போகிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டே சொல்லப்போகிறாள். அவள் சிரித்தாள். 'யாரோ இல்லப்பா, நான்தான். இதோ இருக்காங்களே சுகந்திக்கா, இவங்க மேல எனக்கு அப்படி ஒரு பொறாமை. இவங்க செட்டுக்குள்ள வந்தாலே எனக்கு வயிறு எரியும். படத்துல வர்றதெல்லாம் என் மனசுல இருந்ததுதான்.' ஓஹோ என்று கத்தினார்கள், கைதட்டினார்கள், எவ்ளோ ஓப்பனா பேசறாங்க பாரு, தங்கமான மனசு என்று யாரோ சொன்னார்கள். மைக்குகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. 'உங்க மேல இவ்ளோ பொறாமைப்பட்டிருக்காங்களே மேடம், எப்படி எடுத்துக்கறீங்க?' தப்பித்துவிட்டேன். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை, யாரும் கேட்கப்போவதில்லை, நான் பெரிய மனுஷி, சின்னப் பெண் பொறாமைப்படும் அளவுக்கு வாழ்ந்தவள். கேமராவுக்குப் பக்கத்தில் எழிலரசி நிற்கிறாள், வழக்கமான இடம், வழக்கமான முகம். நான் அவள் வாயைப் பார்த்தேன். சத்தம் வராமல் அசைந்தது: பெருமையா இருக்கு. வாங்கிச் சொல்ல வேண்டியதுதான். வாயைத் திறந்தேன். பெருமையா. என்ன பெருமை? எரிந்தது என் வயிறு. தூங்காமல் புரண்டது நான், காய்ச்சல் என்று படுத்தது நான், சோபாமேல் ஏறியது நான், வளையலில் நார் மாட்டியது என் கையில். டைட்டிலில் என் இடம், படத்தில் என் ரோல், எல்லாம் எடுத்துக்கொண்டாய், போகட்டும், என் பொறாமையையும் உன்னுடையது என்கிறாயே, வேறு என்னடி இருக்கிறது என்னிடம்? எனக்கு வசனம் வரவில்லை. வேறு ஒன்று வந்தது. இடைவேளையிலிருந்து அடக்கிவைத்தது, அத்தனை மைக்குகளுக்கும் நேராக, முழுசாக வந்தது.

'ம்க்கும்.'

எழிலரசியின் வாய் அப்படியே நின்றது. தெரிந்துவிட்டது, இப்போது தெரிந்துவிட்டது என்று நினைத்தேன், தெரியட்டும், தெரிந்து தொலையட்டும். அப்புறம் அந்தப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். 'ஐயோ மேடம், செமையா பண்றீங்க! அப்படியே தாரிணி மேடம் மாதிரியே இருக்கு!' எல்லோரும் சிரித்தார்கள். தாரிணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், 'அக்கா சூப்பரா மிமிக்ரி பண்ணுவாங்க, எனக்கே தெரியாது' என்று என் தோளில் சாய்ந்தாள். 'மேடம், சரியா ரெக்கார்ட் ஆகல' என்றான் கேமராக்காரன், 'தாரிணி மேடம் மாதிரி இன்னொரு தடவை பண்ணுங்க மேடம். ஒன்மோர்.' அவன் தலைக்குமேல் பிடித்திருந்த லைட் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தேன். அவள் கன்னத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. நான் அரை அடி முன்னால் நகர்ந்து நின்றேன், முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டேன், இன்னொரு தடவை பண்ணினேன்.